முதல் அடிகள்

வேலியடைத்த ஒரு வீட்டுத் தோட்டம். வேலியின்மேல் துணிகள் காய்கின்றன. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு தந்தை முழங்காலிட்டு இரு கைகளையும் விரிக்கிறார். அவரிடம் செல்லத் துடிக்கும் குழந்தையைத் தாய் குனிந்து பிடித்திருக்கிறார். அருகில் தள்ளுவண்டி. அவ்வளவுதான்!

வின்சென்ட் வான் கோ 1890 ஜனவரியில் தீட்டிய இந்த ஓவியத்தை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காண்கிறோம். காட்சி அவருடையதன்று, பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்தது. தம்பி தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை நிழற்படத்தின்மேல் கட்டங்கள் போட்டுத் துணியில் பெயர்த்தார் வின்சென்ட். வண்ணங்கள் மட்டும் அவருடையவை.

'பார்த்து வரைந்ததுதானே' என்று நாம் எளிதாகக் கடந்துவிடக்கூடும். ஆனால் அப்போது அவர் எங்கே இருந்தார்? தென் பிரான்சில், சான் ரெமி மனநலக் காப்பகத்தில். மனைவியில்லை, மக்களில்லை. பாரிசில் தம்பியின் மனைவியோ நிறைமாதக் கர்ப்பிணி. அந்த ஜனவரி 31-ஆம் நாள் பிறந்த ஆண் குழந்தைக்குப் பெரியப்பாவின் பெயரையே சூட்டினார்கள்.

படத்தில் தந்தைக்கும் குழந்தைக்கும் இடையே சில அடி மண் மட்டுமே. அதே ஆண்டு ஜூலை 29 அன்று வின்சென்ட் இறந்தபோது, தம்பி மகனுக்கு ஆறு மாதம்கூட நிறையவில்லை, நடை பழகியிருக்கவில்லை.