வாசல் திண்ணையில் பூந்தொட்டிகள்

பூவுக்குப் பெயர் பெற்ற ஊர் ஸ்ரீரங்கம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்த தலம் இது. எட்டரை, கோப்பு, போசம்பட்டி கிராமங்களில் விளையும் மல்லிகை இங்குள்ள பூச்சந்தைக்கு வருகிறது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை மகசூல் குறைந்து விலை ஏறிவிடும். அந்நாட்களில் சுவாமி படத்துக்கும் பெண்கள் தலையில் சூடவும் வேண்டிய பூவை வாசலிலேயே பறித்துக் கொள்ளலாம். திண்ணையில் ஆறு தொட்டிகள் வைக்க இடம் இருந்தால் போதும்.

பூத்த செடியை ஆசையோடு வாங்கி வருகிறோம். இரண்டே மாதத்தில் அது பட்டுப் போகிறது. "தினமும் தண்ணீர் ஊற்றினோமே" என்று வீட்டார் வருந்துவார்கள். பெரும்பாலும் அந்தத் தண்ணீரே காரணம். நீர் தேங்கிய வயலில் வாழை மஞ்சளிப்பதை உழவர்கள் அறிவார்கள். வேருக்குக் காற்று கிடைக்காததால் அப்படி ஆகிறது. தொட்டியிலும் இதுதான் நடக்கிறது.

தொட்டியும் மண்ணும்

ஓர் அடி அகலமுள்ள மண் தொட்டி ஏற்றது. அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆற்றங்கரை வண்டல் வயலுக்குச் சிறந்தது. ஆனால் தொட்டியில் அதை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். மணல் கிடைக்காவிட்டால் மக்கிய தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இடுவது கனகாம்பரத்தின் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும்.

வாசலுக்கு ஏற்ற செடி

கிழக்கு வாசலில் காலை வெயில் கிடைக்கும். அங்கு செம்பருத்தி நன்கு பூக்கும். மேற்கு வாசலில் பிற்பகல் வெயில் சுடும். அதைக் காகிதப்பூ, இட்லிப்பூ, டேபிள் ரோஸ் ஆகியவை தாங்கும். வெயில் குறைந்த வாசலுக்குக் கனகாம்பரமும் நந்தியாவட்டையும் ஏற்றவை. டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. வேர் விட்ட குச்சிகளையே நட வேண்டும். ஆடி, ஆவணியில் நட்டால் மழைக்கு முன் வேர் பிடித்துக் கொள்ளும். மார்கழிக்கென்று டிசம்பர் பூவும் ஒரு தொட்டியில் இருக்கட்டும்.

தண்ணீர்

விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் இரு வேளை தேவைப்படலாம். ஐப்பசி மழையில் பல நாள் தேவையே இராது. மணிகண்டம் போன்ற களர் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் தொட்டியில் வெள்ளை உப்புப் படியும். கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் மழை விழாததால் அந்த உப்பு கரைந்து வெளியேறாது. எனவே மழை நாளில் தொட்டிகளை முற்றத்தில் சில மணி நேரம் வையுங்கள்.

இலை மஞ்சளித்தால்

இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தோன்றினால் தாக்கிய நுனிகளை நறுக்கி எரித்துவிட வேண்டும். பிறகு லிட்டருக்கு 10 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

அரளி அழகாகப் பூக்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. ஆடு, மாடு, குழந்தைகள் நடமாடும் வாசலில் அதை வைக்க வேண்டாம். வேலி அரளியைக் கவாத்து செய்தாலும் வெட்டிய கிளைகளைக் கால்நடை மேயும் இடத்தில் போடாதீர்கள். மேலும், தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையேனும் தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள்.

செடிகளில் ஐயம் ஏற்பட்டால் நோயுற்ற கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். வரும் ஆடியில் இரண்டு தொட்டிகளுடன் தொடங்குங்கள். அவை செழித்த பிறகு மற்றவற்றைச் சேர்த்துக் கொள்ளலாம்.