பாலைவன ஆற்றில் படகு விடலாமா?

குட்டீஸ்... நுரை பொங்கப் பாயும் ஆற்றில், ரப்பர் படகில் போக ஆசையா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் என்ற மிகப் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. சுற்றிலும் வறண்ட பாலை நிலம். அடியில் சீறிப் பாய்கிறது கொலராடோ ஆறு! ஆனால், நினைத்தவுடன் இதில் கிளம்பிவிட முடியாது. ஏன் தெரியுமா?

1869ல் நடந்ததைக் கேளுங்கள். போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பாவெல், ஒன்பது பேருடன் நான்கு மரப் படகுகளில் புறப்பட்டார். பத்து மாதங்களுக்கான உணவு இருந்தது. வழியில் ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கியது. உணவில் ஒரு பகுதி ஆற்றோடு போனது. மீதியில் பெரும்பகுதி நனைந்து கெட்டது. ஒருவர் பாதியிலேயே விலகிக் கொண்டார்.

கிராண்ட் கேன்யனுக்குள் மாவு, உலர்ந்த ஆப்பிள், காபி என்று கொஞ்சமே மிச்சம். ஆகஸ்ட் 28ல், பயங்கரமான நீரோட்டம் ஒன்றைப் பார்த்த மூன்று பேர், 'இனி முடியாது' என்று மலையேறிப் போய்விட்டனர். அவர்கள் ஊர் திரும்பவே இல்லை. மீதி ஆறு பேரோ, மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்து விட்டனர்!

அதனால்தான் இன்று இவ்வளவு முன்னேற்பாடுகள்:

* அனுமதி: சொந்தமாகக் குழு அமைத்துப் பல நாள் பயணம் போக விரும்புவோரை, தேசியப் பூங்கா நிர்வாகம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது.

* உணவு: லீஸ் ஃபெர்ரியில் இருந்து டயமண்ட் கிரீக் வரை, சுமார் 363 கி.மீ., தூரம். கரையில் கடைகள் கிடையாது. துடுப்புப் படகில் இரண்டு வாரங்களுக்கு மேல் கூட ஆகும். அத்தனை நாள் சாப்பாட்டையும் படகிலேயே ஏற்ற வேண்டும்.

* உடை: கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆற்று நீரோ, கிளென் கேன்யன் அணையின் ஆழத்தில் இருந்து வருவதால் சில்லென்று இருக்கும். இரண்டையும் தாங்கும் உடை தேவை. லைப் ஜாக்கெட் கட்டாயம்.

* கயிறு: மின்சாரத் தேவைக்கு ஏற்ப அணையில் தண்ணீர் திறப்பதால், ஆறு ஏறி இறங்கும். இரவில் படகைச் சரியாகக் கட்டாவிட்டால் போச்சு!

* குப்பை: உணவு மிச்சம் மட்டுமல்ல, மனிதக் கழிவையும் பெட்டியில் அடைத்துத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

'லாவா ஃபால்ஸ்' என்ற மூர்க்கமான இடம் வந்ததும், அனுபவசாலிகளும் படகைக் கரையில் நிறுத்துவர். மேட்டில் ஏறி நின்று, 'எந்தப் பக்கம் போகலாம்?' என்று பார்த்த பிறகே துடுப்பை எடுப்பர்.

அடுத்த முறை சுற்றுலா கிளம்பும்போது, என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை நீங்களே எழுதிப் பாருங்களேன்!