பானையும் கூரையாகும்!

வீடு கட்டுகிற பேச்சு வந்தால் நம் வீடுகளில் யார் யார் பேசுவார்கள்? வீட்டுக்காரர் பேசுவார், மாமனார் பேசுவார், மேஸ்திரி பேசுவார். நாம் காபி கொண்டு போய் வைப்போம். மிஞ்சிப் போனால், "அடுப்பு மேடை எந்தப் பக்கம் வரணும்மா?" என்று ஒரு கேள்வி வரும். ஆனால் கட்டி முடித்த பிறகு காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வீட்டுக்குள் வேகப் போவது யார்? நாமும் நம் குழந்தைகளும்தானே!

அதனால்தான் அனுபமா குண்டூ என்கிற கட்டடக் கலைஞரைப் பற்றி நம் சகோதரிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். உலகமே பாராட்டுகிற இவர் தம் தொழிலை வளர்த்தது நம் தமிழ்நாட்டில், நம் ஊர் மண்ணையும் பானையையும் வைத்துத்தான்.

1967-ல் புனேயில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கட்டடக் கலைக் கல்லூரியில் படித்து 1989-ல் பட்டம் வாங்கினார். அந்தப் படிப்புக்குப் பெரிய பட்டணத்திலேயே நல்ல வேலை கிடைத்திருக்கும். இவரோ மறு வருஷமே புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஆரோவில்லுக்கு வந்து, தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். தமக்கென்று அவர் போட்டுக்கொண்ட முதல் வீடு என்ன தெரியுமா? சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும் கீற்றும் கொண்டு கட்டிய குடிசை!

கூரைக்குள் பானை

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 2000-ல் கட்டி முடித்த 'வால் ஹவுஸ்'. அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு அது. நம் ஊர்ச் சூளைகளில் கையால் அறுத்துச் சுடுகிற சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டி, பூசாமல் விட்டிருக்கிறார். வீட்டின் ஒரு பகுதிக்குக் களிமண் குழாய்களை ஒன்றோடொன்று கோத்து வளைவுக் கூரை. இன்னொரு பகுதியில் மட்டமான தளத்துக்குள் மண் பானைகள்!

பானை எப்படிப் பாரம் தாங்கும் என்கிறீர்களா? பாரத்தைப் பானை தாங்குவதில்லை. கான்கிரீட் தளத்தில் அழுத்தம் தாங்குவது மேல் பக்கத்துக் கான்கிரீட். கீழ்ப் பக்கத்தில் இழுப்பைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கான்கிரீட் பெரும்பாலும் சும்மா பாரமாகத்தான் கிடக்கிறது. அந்த இடத்தில் பானையைக் கவிழ்த்து வைத்தால் சிமென்ட் மிச்சம். தளத்தின் எடை குறைவதால் கம்பியும் மிச்சம். பானைக்குள் அடைபட்ட காற்று வெயிலைச் சுலபமாகக் கீழே இறங்க விடாது.

எங்கள் பொம்மிடிப் பக்கம் மண்சுவரும் நாட்டு ஓடுமாக இருந்த வீடுகள் போய், வரிசையாக மெத்தை வீடுகள் வந்துவிட்டன. சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனல் கக்கும். மின்விசிறி சுற்றினால் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கடன் வாங்கிக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுக்கிறோம். நம் பாட்டிமார் வீட்டுக் குளுமையையும் மெத்தை வீட்டு உறுதியையும் ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் இந்த அம்மாள்.

வீடே சூளை

இதைவிட அதிசயம் ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் 'வொலோந்தாரியா' என்ற தொண்டு நிறுவனத்துக்காக, வீடில்லாத குழந்தைகளுக்கு 2008 வாக்கில் இவர் வீடுகள் கட்டிக் கொடுத்தார். பச்சை மண் கல்லை மண் குழைத்தே அடுக்கி, வளைந்த கூரையோடு வீட்டை எழுப்புவது. உள்ளே இன்னும் சுடாத செங்கல், ஓடு எல்லாவற்றையும் அடுக்குவது. பிறகு வீட்டையே சூளையாக வைத்துத் தீ மூட்டுவது! நாள் கணக்கில் எரிந்து ஆறியதும் வீடும் வெந்து கல்லாகிவிடும், உள்ளே இருந்த சரக்கும் வெந்துவிடும். சாதாரணச் சூளையில் சுவர் குடித்து வீணாகிற சூடு, இங்கே வீட்டைச் சுட உதவுகிறது. இந்த முறையைப் புதுச்சேரியில் முதலில் செய்து பார்த்தவர் ரே மீக்கர் என்ற மண்பாண்டக் கலைஞர். அதை எடுத்து அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்பட வைத்தார் அனுபமா.

இதில் சிமென்ட் மிகக் குறைவு. செலவில் பெரும் பங்கு கூலியாகவும் விறகாகவும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது. மண் வெட்டுகிறவர், கல் அறுக்கிறவர், சித்தாள் என்று பல வீட்டு அடுப்பு எரிகிறது. பொங்கலுக்கு மட்டும் பானை வாங்கினால் குயவர் வீட்டில் பன்னிரண்டு மாதமும் எப்படி உலை கொதிக்கும், சொல்லுங்கள்!

வெனிஸில் நம் ஊர் வீடு

2012-ல் இத்தாலியில் வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலைக் கண்காட்சியில், இந்த 'வால் ஹவுஸை' நிஜ அளவிலேயே கட்டிக் காட்டினார். படம் வைக்கவில்லை, பொம்மை வைக்கவில்லை, முழு வீடு! இந்தியாவிலிருந்து போன கைவினைஞர்களும் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து கட்டினார்கள். நம் கொத்தனார் வேலை பார்ப்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள் என்றால் நமக்கும் பெருமைதானே.

2008-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பாடம் நடத்தியிருக்கிறார். 2021-ல் உலகக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஒகுஸ்த் பெரே பரிசும், பிரிட்டனின் சார்லஸ் ஜென்க்ஸ் விருதும் கிடைத்தன.

நம் மாதிரி இல்லத்தரசிகளுக்குப் பிடித்த வேலை ஒன்றும் செய்திருக்கிறார். கம்பி வலைமேல் சிமென்ட் பூசி, பெட்டி பெட்டியாக வார்த்து அடுக்கிக் கட்டும் சிறு வீடு அது. பெட்டியின் உள்பக்கம் காலியாக இருப்பதால் சுவரே அலமாரி! தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சுவருக்குள் போய்விட்டால் சின்ன அறையும் பெரிசாகிவிடும் இல்லையா?

நாம் என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு, "தளத்தில் பானை வை" என்று மேஸ்திரியிடம் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கம்பி இடைவெளிக்கும் தளத்தின் கனத்துக்கும் கணக்கு உண்டு. விஷயம் தெரிந்த இன்ஜினீயர் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வீட்டையே சுடுவது அதைவிட நுணுக்கமான வேலை.

ஆனால் கேள்வி கேட்க நமக்குத் தெரிந்திருக்கட்டும். தளத்தில் சூடு இறங்காமலிருக்க என்ன வழி? மேற்கு வெயில் எந்த அறையில் விழும்? ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் உண்டா? அலமாரியைச் சுவரோடு சேர்த்தே கட்ட முடியுமா? பக்கத்துச் சூளைக் கல் நன்றாக இருக்க, தூரத்திலிருந்து ஏன் வர வேண்டும்? ஏற்கெனவே கட்டிய வீடாக இருந்தால், கோடைக்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் அதிகமில்லை.

அடுத்த தடவை வீட்டில் கட்டடப் பேச்சு வந்தால், காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள் சகோதரிகளே. உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் வரைகிற, கணக்குப் போடுகிற பெண் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், கட்டடக் கலை என்று ஒரு படிப்பு இருப்பதை அவளுக்கும் சொல்லி வையுங்கள்.