மல்லாட்டை அளந்த தூரம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பார்கள். மணிலாக்கொட்டை நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர் நம் கொல்லைகளில் விளைந்து, 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மர்சேய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெயானது, சோப்பானது.

மூட்டை மர்சேய் போய் விலையாகும்வரை வியாபாரியின் பணம் முடங்கிக் கிடக்கும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து கடல்வழியைச் சுருக்கியது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு ஊருக்கும் இடையே ரயில் பாதை சுமார் 38 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு ஒரு நாள் பயணம், ரயிலுக்குச் சில மணி நேரம். மூலதனம் தூரத்தை நேரத்தால் வெல்லப் பார்க்கிறது என்று கார்ல் மார்க்ஸ் 1857–58 குறிப்பேடுகளில் எழுதியது இந்தப் போக்கைத்தான்.

இடம் என்பது மனிதர்கள் வந்து குடியேறும் வெற்றுப் பாத்திரம் அன்று, சமூகமே அதை உற்பத்தி செய்கிறது என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்ரி லெஃபெவ்ர், 1974இல். அந்த உற்பத்தியில் உள்ள ஒரு முரணைப் புவியியலாளர் டேவிட் ஹார்வி 1982இல் காட்டினார். சரக்கு ஓட வேண்டுமானால் தண்டவாளம், பாலம், கிடங்கு எல்லாம் ஓடாமல் மண்ணில் நிற்க வேண்டும். அப்படிப் புதைத்த பணத்தைப் பிடுங்கி வேறு ஊரில் நட முடியாது. விழுப்புரத்தையே பாருங்கள். சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசை ரயில் பாதைகள் கூடியதால் வளர்ந்த ஊர் அது. அதே ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்ததும், ஊருக்குள் நின்று டீ குடித்துப் போன லாரிகள் வெளியிலேயே பறக்கின்றன.

பாதை ஆட்களையும் கொண்டுபோகும். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமத்தை 1916இல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆய்ந்தார்கள். அன்று பெருநிலக்காரரின் கை ஓங்கியிருந்தது. 2008இல் மீண்டும் ஆய்ந்தபோது, வயலுக்கு வெளியே வேலை கிடைத்ததால் சேரி மக்கள் அவரை அண்டிப் பிழைக்கும் நிலை தளர்ந்திருந்தது.

ஒரே பாதை சரக்கின் லாபத்தையும் கூட்டும், கூலியாளின் கட்டையும் அவிழ்க்கும். ஆகவே உங்கள் ஊரில் அடுத்த சாலைக்கு சர்வே கல் நடும்போது கேளுங்கள்: யாருடைய நேரம் மிச்சமாகிறது, யாருடைய நிலம் போகிறது?