சம்பளம் இல்லை, திங்கட்கிழமை லீவு!

கீழே ஒரு வேலை விளம்பரம். படித்துவிட்டு, மனு போடுவீர்களா என்று சொல்லுங்கள்.

'தேவை: 18 முதல் 25 வயது வரை, கல்யாணமாகாத ஆண்கள். இரண்டு வருஷ வேலை. எந்த ஊர் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். பக்கத்து மாகாணமாகவும் இருக்கலாம், பராகுவேயாகவும் இருக்கலாம். காலை ஆறரைக்கு எழுந்து ராத்திரி பத்தரைக்குப் படுக்க வேண்டும். காதல், சினிமா, காபி, டீ கூடாது. கூடவே ஒருத்தர் ஒட்டிக்கொண்டே இருப்பார். சம்பளமா? நீங்கள்தான் மாசம் 500 டாலர் கட்ட வேண்டும்!'

'ஆளை விடுங்க சார்' என்கிறீர்களா? நானும் அதையேதான் சொன்னேன். விளம்பரம் என் கற்பனை. நிபந்தனைகள் அத்தனையும் நிஜம். உலகம் முழுக்க 80 ஆயிரம் பேருக்கு மேல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெண்களும் உண்டு, அவர்களுக்கு 18 மாசம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். 1830-ல் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது. ஊரில் எல்லாரும் 'மார்மன்' என்பார்கள். 2018-லிருந்து 'அப்படிக் கூப்பிடாதீர்கள், முழுப் பெயரையும் சொல்லுங்கள்' என்கிறார்கள். பக்கம் போதாது, மன்னிக்கவும்.

2025 ஜனவரியில் அத்தை பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். சால்ட் லேக் சிட்டி. யூட்டா மாகாணத்தின் தலைநகர். மேற்படி சபைக்கும் தலைமையகம். ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் 'சரக் சரக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், எதிர் வீட்டுப் பையன் எங்கள் வாசல் பனியை வாரிக்கொண்டிருக்கிறான். யாரும் கேட்கவில்லை. கூலியும் வேண்டாமாம்.

நம்மூர் மரியாதைப்படி ஃபில்டர் காபி நீட்டினேன். "ஸாரி, நாங்க காபி குடிக்கிறதில்லை" என்றான். கடைசியில் ஹார்லிக்ஸில் சமாதானம் ஆனோம். இரண்டு வருஷம் தைவானில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். வயசு 20. அங்கே அவனுக்குப் பட்டம் 'எல்டர்', அதாவது பெரியவர். மீசை சரியாக முளைக்காத பெரியவர்!

"தைவானை நீயா தேர்ந்தெடுத்தே?"

"சான்ஸே இல்லை. மனு போட்டா ஊர் பேரோட பதில் வரும். வீட்ல எல்லாரையும் உட்கார வச்சு, அப்பதான் திறந்து பார்ப்போம். பாட்டி இத்தாலின்னு பந்தயம் கட்டினாங்க. தோத்துட்டாங்க."

என் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 500 டாலர், 24 மாசம், ஆக 12,000. நம் காசில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. 2020 ஜூலைக்கு முன்னால் மாசம் 400. டோக்கியோ போகிற அமெரிக்கப் பையனும் பொலிவியா போகிற அமெரிக்கப் பையனும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். செலவு அதிகமான ஊரையும் குறைவான ஊரையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடுகிறார்கள். அட, நம்ம காஸ்ட்டிங் பேப்பர்! இவன் பன்னிரண்டு வயசிலிருந்து புல் வெட்டிச் சேர்த்தானாம். மீதி அப்பா.

ப்ரோவோ என்ற ஊரில் பயிற்சி மையம். அங்கே சில வாரம் சீன மொழியை உருப்போட்டுவிட்டு விமானம் ஏறினான். 'வென்' என்ற சொல்லை மேலிருந்து கீழே விழுகிற மாதிரி சொன்னால் 'கேட்பது'. கொஞ்சம் இறங்கி ஏறினால் 'முத்தமிடுவது'. முதல் வாரமே ஒரு பாட்டியிடம், "உங்களை ஒன்று கேட்கலாமா?" என்று நினைத்துக்கொண்டு வேறு எதற்கோ அனுமதி கேட்டிருக்கிறான். பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாளாம். மதம் மாறவில்லை.

செவ்வாய் முதல் சனி வரை ஒரே பாட்டுதான். காலையில் படிப்பு, அப்புறம் சைக்கிள், கதவு, இன்னொரு கதவு. வாரத்தில் ஒரு சாயங்காலம் இலவச ஆங்கில வகுப்பு. அதற்கு மட்டும் கூட்டம் அள்ளும். ஞாயிறு ஆராதனை. மாசத்தில் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி. மிச்சமான சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு.

கூட்டாளி விஷயம்தான் பெரிய சோதனை. கண் பார்வையில், காது கேட்கிற தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். பாத்ரூம் மட்டும் விதிவிலக்கு. படுப்பதும் ஒரே அறை. "கல்யாணத்துக்கு ட்ரெயினிங்கா?" என்றேன். "கல்யாணத்துல பொண்ணை நாமதானே தேர்ந்தெடுக்கிறோம்?" என்றான். நம்மூர் நிலவரத்தை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமைதான் சொர்க்கம். 'பி-டே' என்கிறார்கள், தயாரிப்பு நாள். வெள்ளைச் சட்டைகளின் காலரைத் தேய்த்துத் துவைப்பது, மார்க்கெட், முடிவெட்டு, சைக்கிள் பஞ்சர், கொஞ்சம் பாஸ்கெட்பால். மேலாளருக்கு வாராந்திரக் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வீடியோ கால். தைவானில் திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு ராத்திரி. குடும்பமே போன் முன்னால் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி டை. லீவு முடிந்தது.

இந்த வாராந்திர போனே 2019 பிப்ரவரியில் வந்த சலுகைதான். அதற்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டே அழைப்பு: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அதற்கும் முன்னால்? ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1852-ல் மனைவி குழந்தைகளை விட்டுவிட்டு இதே ஊரிலிருந்து கிளம்பினார். 1853 ஜூலையில் வந்து சேர்ந்த இடம்... நம்ம மதராஸ்! ஒரு வருஷம் வெயிலில் அலைந்தார். தேறியவர்கள் சொற்பம். வீட்டுக் கடிதம் கப்பலில் மாசக்கணக்கில் வரும்.

பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 2012-ல் ஒபாமாவிடம் தோற்ற மிட் ராம்னி, 1966-லிருந்து இரண்டரை வருஷம் ஃபிரான்ஸில் கதவு தட்டியவர். அப்பா மிச்சிகன் மாகாண கவர்னர். மதுவைத் தொடாத அந்தப் பையன் சுற்றிய ஊர்களில் ஒன்று, ஒயினுக்குப் பேர்போன போர்தோ!

கதவு தட்டுவது என்றதும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. பி.காம். முடித்த கையோடு வாட்டர் ஃபில்டர் விற்கப் போனவன் நான். ஒரு நாளைக்கு நாற்பது வீடு. நாய், நங்கை, 'வேண்டாம்பா'. மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பத்து நாள் டை கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கன்னிமாரா நூலகத்துக்குப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

"உனக்கு ஓடி வந்துடலாம்னு தோணலையா?" என்று கேட்டேன்.

ஹார்லிக்ஸைக் கீழே வைத்தான். "மூணாவது மாசம். மொழி வரலை. ஒருத்தரும் கதவு திறக்கலை. திங்கட்கிழமை அம்மா 'எப்படி இருக்கே?'ன்னா 'சூப்பர்'ம்பேன். போனை வச்சிட்டு, வாஷிங் மெஷின் ஓடற சத்தத்துல அழுவேன்."

"வந்திருக்கலாமே?"

"அண்ணன் வந்தான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. 2018-ல் அண்ணன் பிரேசில் போயிருக்கிறான். மனசு உடைந்து ஐந்தே மாசத்தில் திரும்பிவிட்டான். இந்த ஊர் ஏர்போர்ட்டில், இரண்டு வருஷம் முடித்து வருகிற பையன்களுக்கு பலூன், பேனர் என்று திருவிழா நடக்கும். அண்ணனுக்கு அப்பா மட்டும் காரோடு வந்தார். அதற்கப்புறம் கோயிலில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் யாரும் பிரேசிலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அதுதான் அவனைக் கொன்னுது" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை போனை அண்ணன் வாங்கியிருக்கிறான். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. சொன்னது இவ்வளவுதான்: "எப்ப வேணும்னாலும் கிளம்பி வா. ஏர்போர்ட்டுக்கு நான் பலூனோட வரேன்."

"வந்துட்டியா?"

"இல்லை. அதுக்கப்புறம்தான் இருக்க முடிஞ்சுது."

ஒன்றே முக்கால் வருஷம் கழித்துத் திரும்பியபோது ஏர்போர்ட்டில் அமர்க்களம். அண்ணன் கையில் பெரிய பலூன். பையன் அதை வாங்கி, அண்ணன் மணிக்கட்டிலேயே திரும்பக் கட்டியிருக்கிறான். "இது பிரேசிலுக்கு. ஆறு வருஷம் லேட், ஸாரி."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

எனக்கு என்னவோ போலிருந்தது. சென்னையில் அப்போது ராத்திரி எட்டு இருக்கும். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"என்னடா, திங்கட்கிழமை அதுவுமா? காசு ஏதாவது வேணுமா?"

"இல்லைப்பா. ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும். அந்த வாட்டர் ஃபில்டர் வேலை..."

"கன்னிமாராவுல போய் உட்கார்ந்திருந்தியே, அதானே?"

"உங்களுக்கு எப்படிப்பா...?"

"அங்க வேலை பார்த்தவர் நம்ம தெருக்காரர்டா. ஏன் கேக்கணும்? டிபன் பாக்ஸ் காலியாதானே திரும்பி வந்துது... சரி, அங்க ரொம்பக் குளிராமே. ஸ்வெட்டர் போட்டுக்கோ."