கல்லூரிப் பையும் காக்கிச் சட்டையும்

டில்லி, திரிலோக்புரி. மாலை ஆறு மணி. எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஓர் அக்கா வந்தார். அவர் வீட்டு வேலை செய்பவர். போன ஆண்டுதான் தமிழில் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். அன்று அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"டீச்சர், என் பொண்ணு காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். பத்து நாள் முகாமாம். இதில் கையெழுத்துக் கேட்கிறாள். முன்னே என்றால் கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்பேன். இப்போது விஷயம் தெரியாமல் போட மாட்டேன்" என்றார்.

தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். பெற்றோரின் சம்மதம் கேட்கும் தாள் அது. அக்கா தன் நோட்டைத் திறந்தார். நான்கு கேள்விகளை எழுதினார்.

1. என் மகளைச் சண்டைக்கு அனுப்புவார்களா?
2. படிப்பு கெட்டுப் போகுமா?
3. எவ்வளவு செலவு ஆகும்?
4. இதனால் என்ன பயன்?

நல்ல கேள்விகள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். கல்லூரிக்குப் போனதில்லை. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

என்.சி.சி. என்றால் என்ன?

என்.சி.சி. என்பது தேசிய மாணவர் படை. இது பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான அமைப்பு. 1948ஆம் ஆண்டு இதற்குச் சட்டம் வந்தது. 1949இல் மாணவிகளுக்கும் தனிப் பிரிவு தொடங்கினார்கள். இதன் தலைமை அலுவலகம் டில்லியில்தான் இருக்கிறது.

தரைப்படை, கப்பல்படை, விமானப்படை என்று மூன்று பிரிவுகள் உண்டு. தரைப்படைப் பிரிவு மாணவர்கள் காக்கிச் சட்டை போடுவார்கள். அணிவகுத்து நடக்கப் பழகுவார்கள். வரைபடம் பார்க்கப் பழகுவார்கள். துப்பாக்கி சுடவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொள்வார்கள். "ஒற்றுமையும் ஒழுக்கமும்" என்பது இந்தப் படையின் குறிக்கோள்.

சண்டைக்கு அனுப்புவார்களா?

மாட்டார்கள். என்.சி.சி. மாணவர்கள் போருக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. படிப்பு முடிந்த பிறகும் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பினால் சேரலாம். விரும்பாவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம்.

ஆனால் நாட்டுக்கு நெருக்கடி வந்தபோது இவர்கள் உதவியிருக்கிறார்கள். 1965லும் 1971லும் போர் நடந்தது. அப்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் உதவினார்கள். ஊருக்குள் மீட்பு வேலையிலும் உதவினார்கள். 2020இல் கொரோனா வந்தபோது உணவுப் பொருள்கள் கொடுக்கவும், வரிசையை ஒழுங்கு செய்யவும் உதவினார்கள்.

ஒரு காலத்தில் இது கட்டாயமாகவும் இருந்தது. 1962இல் சீனாவுடன் போர் நடந்தது. அதன் பிறகு 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயம் ஆனது. 1968இல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். இன்று விருப்பம் உள்ளவர்கள் மட்டுமே சேர்கிறார்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் 1967 முதல் வேறு முறை இருக்கிறது. அங்கே உள்ள இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் தேச சேவை செய்ய வேண்டும். அது சட்டம். அங்குள்ள தமிழ் இளைஞர்களும் செய்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு அவ்வப்போது பயிற்சிக்கு அழைப்பு வரும். அழைத்தால் போக வேண்டும்.

வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு படை

நம் நாட்டிலும் தேவையானபோது அழைக்கும் படை ஒன்று உண்டு. அதன் பெயர் பிராந்திய ராணுவம். இதை மாணவர் படையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி இந்தப் படையைத் தொடங்கி வைத்தார். அப்போது அவர் நாட்டின் கவர்னர் ஜெனரல். 18 வயது முதல் 42 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். இது சொந்தமாக ஒரு வேலையோ தொழிலோ உள்ளவர்களுக்கான படை. ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி இருக்கும். நாட்டுக்குத் தேவை என்றால் முழுநேரமாக அழைப்பார்கள். போருக்கும் போக வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் பழைய வேலையில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் வழி செய்கிறது.

கிரிக்கெட் வீரர் தோனியைத் தெரியும் அல்லவா? அவர் இந்தப் படையில் கௌரவ அதிகாரி. 2011இல் அந்தப் பதவியைப் பெற்றார். 2019இல் காஷ்மீரில் சில நாள்கள் படையோடு இருந்தார்.

அக்காவின் மகள் சேர்ந்திருப்பது இந்தப் படை அல்ல. மாணவர் படை.

படிப்பு கெட்டுப் போகுமா?

இதுதான் பெரிய கேள்வி. கவனமாக இருந்தால் கெடாது. கவனம் இல்லாவிட்டால் கெடும்.

என்.சி.சி. பயிற்சிக்கு வாரத்தில் சில மணி நேரம் போகும். ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் முகாம் வரும். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயிற்சி உண்டு. இரண்டு ஆண்டுகள் முடித்தால் "பி" சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். மூன்றாம் ஆண்டில் "சி" சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். பயிற்சிக்கும் ஒழுங்காக வந்திருக்க வேண்டும். முகாமுக்கும் போயிருக்க வேண்டும்.

முகாமுக்குப் போனால் வகுப்பு தவறுமே? அதற்கு டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வகுப்புகளுக்காவது வந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டு முகாமுக்குப் போன நாள்களில் நடந்த வகுப்புகளை மொத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 100 வகுப்புகள் நடந்தன. முகாம் நாள்களில் மட்டும் 10 வகுப்புகள் நடந்தன. அந்தப் பத்தைக் கழித்தால் 90. அதில் மூன்றில் இரண்டு பங்கு 60. ஆக, 60 வகுப்புகளுக்கு வந்திருந்தால் போதும். முகாமில் இருந்ததற்கான சான்றை மறக்காமல் கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். விதி வருகையைத்தான் காப்பாற்றும். மதிப்பெண்ணைக் காப்பாற்றாது. தவறிய பாடத்தை மாணவிதான் படித்தாக வேண்டும்.

ஜனவரி மாதம் டில்லி கன்டோன்மென்டில் குடியரசு தின முகாம் நடக்கும். நாடு முழுவதும் இருந்து மாணவர்கள் வருவார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் தங்குவார்கள். ஜனவரி 26 அன்று கர்த்தவ்ய பாதையில் அணிவகுத்து நடப்பார்கள். 2022 வரை அந்தச் சாலையின் பெயர் ராஜ்பாத். அது பெரிய பெருமை. ஆனால் அதற்கான தேர்வு முகாம்கள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பருவத் தேர்வும் அந்தச் சமயத்தில் வரலாம். அதனால் பெயர் கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

செலவும் பயனும்

என்.சி.சி.யில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சீருடைக்கு அரசு உதவுகிறது. முகாமில் உணவும் தங்குமிடமும் இலவசம். மாணவிகள் தனியாகத் தங்குவார்கள். அவர்களோடு பெண் அதிகாரிகள் இருப்பார்கள்.

பயன் என்ன? உடல் வலுப்பெறும். பலர் முன்னால் பேசத் துணிவு வரும். ராணுவத்தில் அதிகாரியாக விரும்பினால் "சி" சான்றிதழ் உதவும். அதற்கென்று தனி வழி உண்டு. அந்த வழியில் போனால் எழுத்துத் தேர்வு இல்லை. நேராகத் தேர்வுக் குழுவின் முன் போகலாம். தேர்வானவர்களுக்குச் சென்னையில் பயிற்சி. அதுவும் நம் பரங்கிமலையில்தான்! பெண்களும் இப்படிச் சேர்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பார்த்தீர்களா? படிப்பை விட்டவருக்கு ராணுவத்தின் இந்தக் கதவும் திறக்காது.

அக்கா போட்ட கையெழுத்து

மறுநாள் அக்கா மகளையும் அழைத்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"முகாம் நடக்கிற பத்து நாளில் உனக்குப் பரீட்சை ஏதாவது இருக்கிறதா?"

மகள் தலையைக் குனிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒன்று இருக்கும்மா. வகுப்புத் தேர்வு. சொன்னால் நீ கையெழுத்துப் போட மாட்டாய் என்று பயந்தேன்."

அக்கா திட்டவில்லை. "நான் வீடு வீடாகப் பாத்திரம் தேய்ப்பது நீ படிப்பதற்காக. முகாமுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் டீச்சரிடம் முதலில் கேள். எழுதிக் கேள். பிறகு இங்கே வா" என்றார்.

மகள் பேராசிரியரிடம் கடிதம் கொடுத்தாள். முகாம் முடிந்து வந்த பிறகு தேர்வு எழுதலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். முன்கூட்டியே கேட்டதால் இது முடிந்தது. பிறகு போய்க் கேட்டிருந்தால் முடியாமல் போயிருக்கலாம்.

வகுப்புத் தோழி ஒருத்தி பாடக் குறிப்புகளைத் தருவதாகச் சொன்னாள். மகள் ஒரு அட்டவணை போட்டாள். எந்த நாள் பயிற்சி, எந்த நாள் பாடம் என்று அதில் எழுதினாள். அதைச் சுவரில் ஒட்டினாள். அக்கா தினமும் அதைப் படித்துப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். பேனாவை எடுத்தார். எழுத்து எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். இந்தக் கையெழுத்து செல்லுமா என்று கேட்டார். தாராளமாகச் செல்லும் என்றேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு தாளைக் கொண்டு வரலாம். பயந்து மறுக்காதீர்கள். படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். கேளுங்கள். தெரிந்துகொள்ளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. மாணவர் படைக்கும் பிராந்திய ராணுவத்துக்கும் என்ன வேறுபாடு?
2. மொத்தம் 130 வகுப்புகள். முகாம் நாள்களில் நடந்தவை 10. எத்தனை வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும்?
3. மகள் தேர்வைப் பற்றி முதலில் சொல்லவில்லை. ஏன்? நீங்கள் அந்த அக்காவாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?