வெள்ளீய வணிகர் யாப் ஆ லோய் (1837–1885)

தென்சீனத்தின் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். 1854இல் மலாயா வந்தபோது வயது 17. லுக்குட் சுரங்கத்தில் சமையற்காரராக இருந்து காசு சேர்த்தார். பிறகு பன்றியும் வெள்ளீயத் தாதுவும் வாங்கி விற்கும் வியாபாரியானார்.

1868இல் கோலாலம்பூர்ச் சீனர்களின் தலைவர், அதாவது ‘காப்பித்தான்’, ஆனார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872இல் ஊர் எதிரிகளிடம் வீழ்ந்து பாழானது. மறு ஆண்டே மீட்டார். சுரங்கங்கள் சிதைந்து கிடந்தன. கடனோ கழுத்தை நெரித்தது. ஆனாலும் ஊரைக் கைவிடாமல், மேலும் கடன்பட்டுச் சுரங்கங்களைத் திறந்தார். அந்தப் பிடிவாதமே அவருடைய பெருஞ்சாதனை. 1879இல் வெள்ளீய விலை ஏறிய பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டடங்கள் எழச் செங்கல் சூளைகள் அமைத்தார். சூளைகள் இருந்த வட்டாரமே, இன்று தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ்.

அபின், சூதாட்டக் குத்தகைகளும் அவர் செல்வத்தைப் பெருக்கின. அதை மறைப்பது நியாயமல்ல.

1864இல் நிறுவப்பட்ட சின் சே சி யா கோயிலின் உருவாக்கத்தில் முன்நின்றவர் அவர். லெபு பூடு அருகிலுள்ள அக்கோயிலில் அவர் உருவத்தை இன்றும் காணலாம்.